ஜூலை கடைசியில ஸ்கை தீவு: போர்ட்ரீயா, பிராட்ஃபோர்டா, இல்ல கடலோரத்துல ஒத்த வீடா?

போன வாரம் மாப்ள வாட்ஸப்ல அஞ்சு லிங்க் அனுப்பிட்டு "இதுல எதப் போடலாம், சீக்கிரம் சொல்லுங்க"ன்னு கேட்டாரு. மாப்ளன்னா என் தங்கச்சி வீட்டுக்காரரு, கவன்ட்ரில இருக்காங்க. மதுரைல இருந்து அவரோட அப்பா அம்மா மூணு மாசத்துக்கு வர்றாங்க, ஜூலை கடைசியில ஸ்காட்லாந்து சுத்திக் காட்டணும்னு பிளான். அவரு, தங்கச்சி, ஏழு வயசுப் பொண்ணு, அப்புறம் மாமாவும் அத்தையும், ஆக அஞ்சு பேரு. கிளாஸ்கோ தாண்டி க்ளென்கோ வழியா ஃபோர்ட் வில்லியம் ரெண்டு ராத்திரி, ஸ்கை தீவு மூணு ராத்திரி, இன்வர்னஸ் ரெண்டு, கடைசில எடின்பரோ ரெண்டு. மொத்தம் ஒம்போது ராத்திரி. நான் அந்தப் பக்கம் ரெண்டு தடவ போயிருக்கேன், 2019ல நாங்க ரெண்டு பேரு மட்டும், 2023ல எங்க அப்பா அம்மாவக் கூட்டிக்கிட்டு. ரெண்டு தடவையும் பெரும்பாலும் பி அண்ட் பி தான், ரெண்டு தடவையும் சொதப்புனேன், ஆனா வேற வேற மாதிரி சொதப்புனேன், அதனாலதான் என்னக் கேக்குறாருன்னு நெனைக்கிறேன்.

பி அண்ட் பின்னா, அதாவது பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்னா என்னன்னு ஊர்ல இருந்து வர்றவங்களுக்குச் சொல்லிடறேன். ஒரு குடும்பம் இருக்கற வீடு, அதுல ரெண்டு மூணு ரூம வாடகைக்கு விடுவாங்க, காலைல சமைச்சு டிபன் போடுவாங்க. அவ்வளவுதான். ரிசப்ஷன் கெடையாது, லிஃப்ட் கெடையாது, ராத்திரி டின்னர் பெரும்பாலும் கெடையாது. வீட்டுக்காரங்களே மாடியிலயோ பின்னாடியோ இருப்பாங்க. இந்த "ரெண்டு மூணு ரூம்"ங்கறதுதான் மொத்த விஷயமும். அஞ்சு பேருக்கு ரெண்டு ரூம் வேணும், அப்படின்னா ஒரு வீட்டோட முக்காவாசிய நாம எடுத்துக்கறோம், அதுவும் தொடர்ச்சியா மூணு நாளைக்கு, அதுவும் ஸ்காட்லாந்துப் பள்ளிக்கூடம் லீவும் இங்கிலாந்துப் பள்ளிக்கூடம் லீவும் ஒண்ணா விழுற ஜூலை மூணாவது வாரத்துல இருந்து ஆகஸ்ட் நடுவுக்குள்ள. ஸ்கைல மொத்தமே பத்தாயிரம் பேருதான் குடியிருக்காங்க, அத்தனூண்டு ஊருக்கு எத்தன ரூம் இருந்துடப் போகுது. 2017 ஆகஸ்ட்ல ரூம் புக் பண்ணாதவங்க தீவுக்கு வராதீங்கன்னு போலீஸே சொன்னதா நியூஸ்ல வந்துச்சு, கார்லயே படுத்துத் தூங்குனவங்க எல்லாம் உண்டு.

அதனால மாப்ள மொதல்ல பண்ணுன தப்பு என்னன்னா, கிளாஸ்கோல இருந்து ஆரம்பிச்சு ரூட் போட்டு, தேதி போட்டு, அந்தத் தேதிக்கு ஒவ்வொரு ஊரா ரூம் தேடிக்கிட்டு இருந்தாரு. நான் சொன்னேன், அதத் தலைகீழாப் பண்ணுங்க மாப்ள, ஸ்கைல ஒரே வீட்டுல ரெண்டு ரூம் எந்த மூணு ராத்திரிக்குக் கெடைக்குதோ அதுதான் உங்க டூர் தேதி. மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒட்டிக்கலாம். ஃபோர்ட் வில்லியம்லயும் இன்வர்னஸ்லயும் பெரிய செயின் ஹோட்டல் எல்லாம் இருக்கு, ஒரு நாள் முன்ன பின்ன ஆனா சமாளிச்சிரலாம், ஸ்கைல முடியாது. 2023ல நான் இது தெரியாம ஃபோர்ட் வில்லியத்த மொதல்ல ஃபிக்ஸ் பண்ணிட்டு, கேன்சல் பண்ண முடியாத ரேட்ல காசக் கட்டிட்டு, அப்புறம் ஸ்கைல அந்தத் தேதிக்கு ஒரு ரூம் ஒரு ஊர்ல இன்னொரு ரூம் 25 மைல் தள்ளி இன்னொரு ஊர்லன்னு கெடைச்சு, எங்க அப்பா அம்மாவ ஒரு வீட்டுல விட்டுட்டு நாங்க வேற வீட்டுல போயிப் படுத்தோம். காலைல எட்டரைக்கு எங்க அம்மாவும் அப்பாவும் தனியா உக்காந்து, அந்த வீட்டம்மா பேசுற ஸ்காட்டிஷ் இங்கிலீஷ் ஒண்ணும் புரியாம எல்லாத்துக்கும் "யெஸ் யெஸ்"னு தலையாட்டி, கடைசில தட்டுல பிளாக் புட்டிங் வந்து நின்னுச்சு. அது பன்னி ரத்தமும் ஓட்ஸும் கலந்து செய்யறது. அம்மா சுத்த சைவம். அந்தக் கதைய எங்க வீட்டுல இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், அன்னைக்கு யாரும் சிரிக்கல.

சரி, லிங்குக்கு வர்றேன்.

மொதல் லிங்க் ஸ்கையோட பெரிய ஊரு போர்ட்ரீ டவுனுக்குள்ள. துறைமுகத்துக்கு அஞ்சு நிமிஷ நடை, ரெண்டு ரூமும் அட்டாச்டு பாத்ரூம், ஒரு ரூம் ராத்திரிக்கு 170 பவுண்டு. ரெண்டாவது தீவோட தெக்குப் பக்கம் பிராட்ஃபோர்ட்ங்கற ஊர்ல, ஒரே தளத்து பங்களா வீடு, ரெண்டுமே கீழ் ரூம், 125 பவுண்டு. மூணாவது தீவோட வடகிழக்குல ஸ்டாஃபின் பக்கம், கடலப் பாத்த ஒத்த வீடு, போட்டோவப் பாத்தா காலண்டர்ல போடலாம், 110 பவுண்டு, ஆனா ரெண்டு ரூமுக்கும் சேத்து ஒரே பாத்ரூம். நாலாவது ஒரு காட்டேஜ், சமையல்கட்டோட, சனிக்கெழம சனிக்கெழம ஒரு வாரமாத்தான் விடுவாங்க, 1,600 பவுண்டு. அஞ்சாவது ஸ்கைலயே தங்காம ஃபோர்ட் வில்லியம்ல செயின் ஹோட்டல்லயே அஞ்சு ராத்திரியும் இருந்துட்டு ஒரு நாள் மட்டும் ஸ்கைக்குப் போயிட்டு வர்றது.

அஞ்சாவத ஒரே வரில முடிச்சிரலாம், வேண்டாம். ஃபோர்ட் வில்லியம்ல இருந்து போர்ட்ரீக்கு ரோட்டு வழியா 108 மைல் கிட்ட, கூட்டம் இல்லாத நாள்லயே ரெண்டே முக்கா மணி நேரம், போக வர அஞ்சரை மணி நேரம் மாமா கார்ல உக்காந்தே இருக்கணும், அவருக்கு ஏற்கனவே முட்டி வலி.

காட்டேஜ் பத்திக் கொஞ்சம் யோசிச்சேன், ஏன்னா பெரியவங்களோட போறப்ப சமையல்கட்டு பெரிய நிம்மதி. ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், ஊறுகா பாட்டிலோட போயிட்டா ராத்திரி எங்க சாப்பிடறதுங்கற கவலையே இல்ல. ஏழு ராத்திரியும் அங்கயே இருந்தா நாளுக்கு 229 பவுண்டு, பிராட்ஃபோர்ட் ரெண்டு ரூமவிடக் கம்மி. ஆனா மாப்ள இருக்கப் போறது மூணே ராத்திரி, அப்படிப் பாத்தா ராத்திரிக்கு 533. தவிர டூர்னா ஊர் ஊராப் போறது, ஒரு வாரம் ஒரே எடத்துல இருக்கறதுன்னா அது வேற மாதிரி லீவு. எனக்குக் கேட்டா அந்த மாதிரி லீவுதான் பெரியவங்களுக்கு நல்லதுன்னு தோணும், ஆனா மாப்ள லாக் நெஸ் ஏரியையும் எடின்பரோ கோட்டையையும் அவங்க அப்பாவுக்குக் காட்டியே தீரணும்னு இருக்காரு, அது அவரு வீட்டு விஷயம்.

ஸ்டாஃபின் வீடுதான் எல்லாருக்கும் புடிச்சிருந்துச்சு. தங்கச்சி அந்த போட்டோவ மூணு தடவ எனக்கே அனுப்பிட்டா. 2019ல நாங்க ரெண்டு பேரு போனப்ப இந்த மாதிரி ஒரு வீட்டுலதான் ஒரு ராத்திரி இருந்தோம், நெஜமாவே மறக்க முடியாது, ராத்திரி பத்து மணிக்கு அப்பதான் சூரியன் கடல்ல எறங்குது, பக்கத்துல ஆடு மேயுது, ஒரு சத்தம் இல்ல. ஆனா அன்னைக்கு நாங்க வழி தெரியாம சுத்துன கதையும் இருக்கு. ஹைலேண்ட்ஸ்ல, அதாவது ஸ்காட்லாந்தோட மலப் பகுதில, ஒரு போஸ்ட்கோடு ஒரு தெருவுக்கு இல்ல, சில எடத்துல ஒரு பள்ளத்தாக்குக்கே ஒண்ணுதான். மேப்ல போட்டா ஏதோ ஒரு வயக்காட்டு நடுவுல கொண்டு போயி "வந்தாச்சு"ன்னு சொல்லும், போன் பண்ணலாம்னா சிக்னல் இருக்காது. வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே வழி எழுதி வாங்கி வச்சுக்கணும். அது போக அந்தப் பக்கம் பல ரோடு ஒத்த வண்டி போற அகலம்தான், எதுக்க வண்டி வந்தா பாஸிங் பிளேஸ்ல ஒதுங்கி நிக்கணும், ஜூலைல ஒவ்வொரு வளைவுலயும் ஒரு கேம்பர் வேன் நிக்கும், அதனால 20 மைல்னு மேப்ல பாத்துட்டு அரை மணி நேரம்னு கணக்குப் போடாதீங்க.

சரி வழி கெடக்கட்டும், பெரிய பிரச்சன ராத்திரிச் சாப்பாடு. பி அண்ட் பில டிபன் மட்டும்தான்னு சொன்னேன்ல, அப்ப ராத்திரி எங்கயாச்சும் போகணும். அந்த ஒத்த வீட்டுல இருந்து போர்ட்ரீ 17 மைல், அங்க உள்ள ஹோட்டல் கிச்சன் எல்லாம் எட்டரை ஒம்போதுக்கு மூடிருவாங்க, சீசன்ல டேபிள் ரிசர்வ் பண்ணாமப் போனா வாசல்லயே "சாரி"தான். வெளிச்சம் பத்து மணி வரைக்கும் இருக்கறதால நமக்கு மணி ஆனதே தெரியாது, ஏழு மணி வெளிச்சத்துல இன்னும் ஒரு எடம் பாத்துட்டுப் போலாம்னு தோணும், போயிட்டு வந்தா ஊரே மூடிக் கெடக்கும். அன்னைக்கு ராத்திரி நாங்க கெட்டில்ல வெந்நி போட்டு கப் நூடுல்ஸ் சாப்ட்டோம், ரூம்ல வச்சிருந்த ஷார்ட்பிரெட் பிஸ்கெட்டையும் காலி பண்ணுனோம். ரெண்டு பேருன்னா அது ரொமான்ஸ், மாத்திரை போடறதுக்கு முன்னாடி சாப்பிட்டே ஆகணும்ங்கற சுகர் பேஷண்ட் கூட இருந்தா அது வேற.

அப்புறம் அந்த பாத்ரூம். இங்க மூணு விதமா எழுதுவாங்க, நல்லாப் பாத்துக்கணும். ஆன் ஸ்வீட்னா ரூமுக்குள்ளயே. பிரைவேட் பாத்ரூம்னா உங்களுக்கு மட்டும்தான், ஆனா ரூமுக்கு வெளிய, வராண்டாவத் தாண்டிப் போகணும். ஷேர்டுன்னா மத்த விருந்தாளிங்களோட சேந்து. மாப்ள எடுக்கறது ரெண்டு ரூமும் அவங்களேதான், அதனால ஷேர்டா இருந்தா என்ன, நம்ம குடும்பம்தானேன்னு தங்கச்சி வாதாடுனா. நியாயம்தான், ஆனா அந்த வீட்டுல மூணாவது ரூம் ஒண்ணு இருக்கான்னு கேட்டியான்னேன். இருக்கு. அப்ப காலைல ஏழு மணிக்கு முன்ன பின்ன தெரியாத ஒரு ஜெர்மன் தம்பதியும் நம்ம அத்தையும் டவலோட வராண்டாவுல வரிசைல நிக்கணும். அத்தைக்கு இது சரிப்படாது, அவங்க வாய் திறந்து சொல்லவும் மாட்டாங்க, மூணு நாளும் விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சுக் குளிச்சிட்டு உக்காந்திருப்பாங்க. அந்த வீடு கேன்சல்.

ஆக மிஞ்சுறது போர்ட்ரீயும் பிராட்ஃபோர்டும். இங்கதான் நெஜமான போட்டி.

காசு மட்டும் பாத்தா மூணு ராத்திரிக்கு போர்ட்ரீ 1,020, பிராட்ஃபோர்ட் 750. 270 பவுண்டு வித்தியாசம். ஆனா பிராட்ஃபோர்ட்ல இருந்து போர்ட்ரீக்கு 25 மைல், வடக்க இருக்கற ஓல்டு மேன் ஆஃப் ஸ்டார் பாறை, குவிரங் மலை எல்லாத்துக்கும் போர்ட்ரீயத் தாண்டித்தான் போகணும். ரெண்டு நாளு அந்தப் பக்கம் போனா கூடுதலா 100 மைல், பெட்ரோல் ஒரு 16 பவுண்டு வரும், அது ஒண்ணும் இல்ல, ஆனா நாளுக்கு ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல கார்ல போகும். அந்த ஸ்டார் பாறைக்குப் பக்கத்துல வண்டி நிறுத்த காலைல ஒம்போதுக்கு முன்னாடி போயிரணும், பத்து மணிக்கு மேல எடம் கெடைக்கறது உங்க அதிர்ஷ்டம். போர்ட்ரீல இருந்தா அது ஏழே மைல்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, பலரு இத யோசிக்கறதில்ல. பி அண்ட் பில டிபன் நேரம்னு ஒண்ணு இருக்கு, எட்டுல இருந்து ஒம்போதுன்னு வச்சுக்கங்க. வீட்டம்மா ஒருத்தரே சமைக்கறாங்க, நமக்காக ஆறரைக்கு எந்திரிச்சு போட மாட்டாங்க. எட்டு மணிக்கு மொத ஆளா உக்காந்தாலும் பழம், சீரியல், அப்புறம் ஆர்டர் எடுத்து முட்டை, டோஸ்ட்னு வந்து முடிய எட்டே முக்கா ஆயிரும், மாமா ரெண்டாவது டீ கேப்பாரு. ஒம்போது மணிக்குக் கெளம்புனா போர்ட்ரீல இருந்து ஒம்பதேகாலுக்கு ஸ்டார் பாறை. பிராட்ஃபோர்ட்ல இருந்து கெளம்புனா பத்து. அதாவது பிராட்ஃபோர்ட்ல தங்குனா ஸ்டார் பாறைக்குப் போற அந்த ஒரு நாளு மட்டும் டிபன வேண்டாம்னு சொல்லிட்டு ஏழு மணிக்கே கெளம்பணும். முன்னாடி நாளு ராத்திரி சொன்னா பல வீட்டுல ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்துருவாங்க, சாண்ட்விச், வாழப்பழம், ஜூஸ், கேக்கறதுல தப்பில்ல.

அந்த டிபன் பத்தி ஒரு வார்த்த. ஸ்காட்டிஷ் பிரேக்ஃபாஸ்ட்னா பேக்கன், சாசேஜ், முட்டை, பீன்ஸ், தக்காளி, காளான், பிளாக் புட்டிங், ஹாகிஸ், டாட்டி ஸ்கோன். டாட்டி ஸ்கோன்னா உருளக்கெழங்குல தட்டுன அடை மாதிரி, அத்தைக்குக் கண்டிப்பாப் புடிக்கும். ஹாகிஸ்ங்கறது ஆட்டோட ஈரல், இதயம், நுரையீரல் எல்லாத்தையும் ஓட்ஸ், வெங்காயம், மெளகோட சேத்து வேகவச்சது, மதுரக்காரங்களுக்குப் பெரிய அதிர்ச்சி எல்லாம் இருக்காது, மாமா ரெண்டாவது தடவ கேப்பாருன்னு நான் பந்தயமே கட்டுறேன். சைவ ஹாகிஸும் இருக்கு, பருப்பும் பீன்ஸும் போட்டது, ஆனா எல்லா வீட்டுலயும் எடுத்து வச்சிருக்க மாட்டாங்க, புக் பண்ணும்போதே ஒருத்தரு சைவம்னு எழுதிறணும், போயிச் சேந்தப்புறம் சொன்னா டோஸ்ட்டும் ஜாமும்தான். அப்புறம் பாரிட்ஜ், நம்ம கஞ்சிதான், உப்புப் போட்டுத் தருவாங்க. வயித்துக்கு ஆகலன்னா அதுவே போதும். இந்தச் சாப்பாடு ஒரு ஆளுக்கு வெளிய கஃபேல 12 பவுண்டு கிட்ட ஆகும்னு வச்சா அஞ்சு பேருக்கு மூணு நாளைக்கு 180 பவுண்டு, ரூம் வெல பாக்கறப்ப அதக் கழிச்சுப் பாக்கணும். பொண்ணு சீரியல் மட்டும்தான் சாப்பிடும், அது வேற கத.

திரும்பப் போர்ட்ரீ. ராத்திரிச் சாப்பாடு அங்க நடந்து போற தூரம், அது பெரிய பிளஸ். கார எடுக்க வேண்டாம், துறைமுகத்துல மீன் சிப்ஸ் வாங்கி உக்காந்து சாப்பிடலாம், கோ ஆப் சூப்பர்மார்க்கெட் இருக்கு, தயிரு வாங்கலாம். பிராட்ஃபோர்ட்லயும் கோ ஆப் இருக்கு, சாப்பாட்டுக் கடை இருக்கு, ஆனா தெரு நீளமாப் போகும், அந்த வீட்டுல இருந்து கார்லதான் போகணும்.

அப்ப போர்ட்ரீயே போட்டுறலாம்ல? நானும் அப்படித்தான் சொல்ல வந்தேன், அப்புறம் போட்டோவுல ஒரு படிக்கட்டப் பாத்தேன். பழைய காலத்து வீடு, ஃபேமிலி ரூம் மொத மாடி, ட்வின் ரூம் அதுக்கும் மேல கூரைக்குக் கீழ, சாய்வுக் கூரை, செங்குத்தா படி. ட்வின்னா ரெண்டு தனித்தனிக் கட்டில், டபுள்னா ஒரு பெரிய கட்டில், இதையும் மாத்திப் போட்டுறக் கூடாது, மாமா அத்தைக்கு ட்வின்தான் சரி. அந்த ட்வினுக்கு மாமா ரெண்டு மாடி ஏறணும், பொட்டியத் தூக்கிட்டு மாப்ள ஏறணும். நான் அந்த வீட்டுக்காரங்களுக்கு மெயில் பண்ணி ரூம மாத்திக் குடுக்க முடியுமான்னு கேக்கச் சொன்னேன். அன்னைக்கே பதில் வந்துச்சு, மாடி ரூம்ல மூணு பேரு படுக்க எடம் இல்ல, மன்னிச்சுக்கங்கன்னு. இப்படி நேரா பதில் போடற வீடுதான் நல்ல வீடு, அவங்க மேல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன், ஆனா மாமாவோட முட்டி முட்டிதானே.

2023ல எங்க அப்பா மொத ராத்திரி இந்த மாதிரி படி ஏறிட்டு, மறுநாள் ஃபேரி பூல்ஸ்ங்கற மலையடிவாரக் குளங்களுக்குப் போனப்ப கார விட்டே எறங்கல. அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயி ஒரு மனுஷன் கார்ல உக்காந்து ஜன்னல் வழியா மலையப் பாத்துக்கிட்டு இருந்தாரு, நான் அந்தத் தண்ணியப் போட்டோ புடிச்சுக் கொண்டு வந்து காட்டுனேன். அதனால பெரியவங்களோட போறவங்க யாரா இருந்தாலும் நான் மொதல்ல கேக்கச் சொல்றது கடல் தெரியுமான்னு இல்ல, எத்தன படின்னுதான்.

அதோட பிராட்ஃபோர்டுக்கு இன்னொரு வசதி. பாலத்துல இருந்து எட்டு மைல்தான். ஸ்கை பாலம் 1995ல கட்டுனது, ஆரம்பத்துல டோல் வாங்குனாங்க, ஊர்க்காரங்க சண்ட போட்டு 2004 கடைசியில எடுத்தாங்க, இப்ப ஃப்ரீ. ஃபோர்ட் வில்லியம்ல இருந்து வர்ற அன்னைக்கு அய்லியன் டோனன் கோட்டையப் பாத்துட்டு சாயங்காலம் நேரா வீட்டுக்குப் போயிரலாம், கெளம்புற அன்னைக்கு இன்வர்னஸுக்கும் சீக்கிரம் போயிரலாம். இன்னொரு வழி மாலெய்க்ல இருந்து ஃபெரி, முக்கா மணி நேரம் கடல்ல, ஆர்மடேல்ல எறங்கணும், க்ளென்ஃபின்னன் வழியாப் போறதால அங்க இருக்கற 21 வளைவு ரயில் பாலத்தையும் பாத்துக்கலாம். ஆனா கார் ஏத்தணும்னா சீசன்ல முன்கூட்டியே புக் பண்ணணும், காத்து அடிச்சா கேன்சலும் ஆகும், அப்ப சுத்தி ரோட்டு வழியா வரணும், பி அண்ட் பி வீட்டுல ஆறு மணிக்குள்ள வாங்கன்னு சொல்லியிருப்பாங்க. இந்த செக் இன் நேரத்த லேசா எடுத்துக்காதீங்க. 2019ல ஒரு வீட்டுக்கு ராத்திரி ஒம்போதரைக்குப் போயிச் சேந்தோம், வீட்டுக்கார அய்யா நைட் டிரெஸ்ல வந்து கதவத் தொறந்தாரு, ஒண்ணும் சொல்லல, ஆனா அவரு மூஞ்சி சொல்லுச்சு. ஹோட்டல்னா ஷிஃப்ட்ல ஆள் இருப்பான், இங்க அவங்க வீடு. லேட்டாகும்னா ஒரு போன் போட்டுறணும்.

புக் பண்ற வழியிலயும் ஒரு ஒப்பீடு இருக்கு. பெரிய புக்கிங் சைட்ல போட்டா கேன்சல் பண்றது ஈஸி, ஆனா வீட்டுக்காரங்க 15 சதவீதம் அளவுக்கு கமிஷன் அழணும், அதனால நேரடியா மெயில் பண்ணுனா சில வீட்டுல கொஞ்சம் கொறைப்பாங்க, கொறைக்கலன்னாலும் கீழ் ரூம், சைவம், சீக்கிரம் டிபன்னு பேசிக்கலாம். நேரடியாப் போட்டா அட்வான்ஸ் கேப்பாங்க, அது திரும்ப வருமான்னு எழுத்துல வாங்கிக்கங்க. ஆன்லைன்ல வாங்குனா 14 நாளுக்குள்ள திருப்பலாம்னு இங்க ஒரு சட்டம் இருக்குல்ல, தேதி போட்டு எடுக்கற ரூமுக்கு அது செல்லாது, பலரு அதுல ஏமாறுறாங்க. அப்புறம் சில பழைய வெப்சைட்ல வெல ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டிருக்கும், ரூமுக்கு இல்ல. 65 பவுண்டுதான்னு துள்ளிக் குதிச்சுட்டு கடைசில 130ன்னு பில் வரும், நான் துள்ளியிருக்கேன். இன்னொண்ணு, 2023 அக்டோபர்ல இருந்து ஸ்காட்லாந்துல பி அண்ட் பி நடத்த கவுன்சில் லைசன்ஸ் வேணும், விளம்பரத்துலயே அந்த நம்பர் போடணும்னு ரூல். நம்பர் இல்லாம யாராச்சும் வாட்ஸப்ல ரூம் இருக்கு, காச மொதல்ல பேங்க்ல போடுங்கன்னா நகர்ந்துருங்க.

இன்வர்னஸுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம்னேன். ஃபோர்ட் வில்லியம்லயும் பிரீமியர் இன் மாதிரி செயின் போதும், பெரும்பாலும் லிஃப்ட் இருக்கும், எத்தன மணிக்கு வேணா போலாம், பெரியவங்க ஃபுல் பிரேக்ஃபாஸ்ட் வாங்குனா கொழந்தைக்கு டிபன் ஃப்ரீ. வழி நெடுக பி அண்ட் பியாவே போடணும்னு ஒரு வீம்பு எனக்கு 2019ல இருந்துச்சு, அஞ்சு ராத்திரி அஞ்சு வீடு, தெனமும் காலைல பொட்டி கட்டு, பத்து மணிக்கு காலி பண்ணு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல அடுத்த வீட்டுல சிரிச்சுக்கிட்டே "எந்த ஊர்ல இருந்து வர்றீங்க"ன்னு கேக்கறதுக்குப் பதில் சொல்லு. மூணாவது நாளு எனக்குப் பேச வாயே வரல. ஒரே வீட்டுல மூணு ராத்திரி இருந்தா அதே வீட்டம்மா ரெண்டாவது நாளே நம்ம ஆளாயிருவாங்க, எங்க மிட்ஜ் கடிக்காது, எந்த ரோட்டுல இன்னைக்குக் கூட்டம், எந்தக் கடைல டேபிள் கெடைக்கும்னு சொல்லுவாங்க. மிட்ஜ்னா கண்ணுக்கே தெரியாத கொசு, காத்து இல்லாத சாயங்காலம் மேகம் மாதிரி வந்து மொய்க்கும், ஜூலைல அதுக்குத்தான் சீசன், கடைசியில கடல் ஓரத்துல காத்து வீசுற எடமாப் பாத்து உக்காருங்கன்னு ஒரு வீட்டம்மா சொல்லித்தான் நாங்க தப்பிச்சோம்.

எடின்பரோ மட்டும் தனிக் கத. அவங்க போயிச் சேர்றது ஆகஸ்ட் மொத வாரம், ஃபிரிஞ்ச்ங்கற கலைத் திருவிழாவும் கோட்டை வாசல்ல டாட்டூங்கற ராணுவ இசை அணிவகுப்பும் ஆரம்பிக்கற நேரம், சாதாரண பி அண்ட் பி கூட வெல எகிறிக் கெடக்கும். 2026 ஜூலை 24ல இருந்து ரூம் வாடகைக்கு மேல அஞ்சு சதவீதம் விசிட்டர் வரி வேற. நான் சொன்னது, எடின்பரோல தங்காதீங்க, ஸ்டர்லிங்ல தங்குங்க, ரயில்ல ஒரு மணி நேரத்துக்குள்ள எடின்பரோ வேவர்லி ஸ்டேஷன், கோட்டை அங்கயும் ஒண்ணு இருக்கு, பார்க்கிங் தலவலியும் இல்ல. மாப்ளக்கு இது புடிக்கல, எடின்பரோல ராத்திரி நடக்கணும்னு அவருக்கு ஆச, ரெண்டு நாளா அதுலயே நிக்கறாரு.

நேத்து ராத்திரி போன் பண்ணுனாரு. பிராட்ஃபோர்ட் பங்களாவ நேரா மெயில்ல பேசி முடிச்சிட்டாரு, கேட்ட தேதி கெடைக்கல, ஒரு நாள் தள்ளி செவ்வாய்க்கெழம இருந்து மூணு ராத்திரி, வாசல்ல ஒரே ஒரு படின்னு வீட்டம்மாவே எழுதியிருக்காங்க. ஃபோர்ட் வில்லியத்த அதுக்கேத்த மாதிரி நகத்தியாச்சு. கடைசியா ஒரு கேள்வி கேட்டாரு, அந்த ரூம்ல ரைஸ் குக்கர் வச்சுக்கலாமா, அத்தை கேக்கறாங்கன்னு. கூடாது மாப்ள, ஆவிக்கே புகை அலாரம் அடிக்கலாம், வீட்டுக்காரங்க ஓடி வருவாங்க, கெட்டில் மட்டும்தான்னேன். பின்னாடி அத்தை குரல் கேட்டுச்சு, "அப்ப அவல் எடுத்துக்கலாம்ல, வெந்நி ஊத்துனா போதும்"னு.